ஜாமெட்ரி பாக்ஸில் 2 கோடி வருஷம்

எங்கள் ஊரில் பாறையே கிடையாது. சிதம்பரத்தில் அஸ்திவாரம் தோண்டினாலும் கிணறு தோண்டினாலும் களியும் மணலும்தான் வரும். நடராஜர் கோயில் கருங்கல்கூட வெளியிலிருந்து வந்து சேர்ந்ததுதான். அதனால்தானோ என்னவோ, சின்ன வயதில் எனக்குக் கல் என்றாலே ஆசை. ரயில் பாதை ஜல்லியைக்கூடப் பொறுக்கி வந்து அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

அந்த ஆசையில்தான் அந்தத் திருட்டும் நடந்தது.

எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் இருக்கும் கல்மரப் பூங்காவுக்குப் போனோம். மரங்கள் அப்படியே கல்லாகிப் படுத்துக் கிடந்தன. கணு தெரிந்தது, வெட்டு முகத்தில் வளையம் தெரிந்தது, தட்டினால் மட்டும் 'ணங்' என்றது. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்றார் டீச்சர். எதையும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். முதலில் சொன்னதை நோட்டில் எழுதினேன். இரண்டாவதைக் கேட்காத மாதிரி, கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றை ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் டெஸ்க்கில், "கடலோரப் பாறைகள் பற்றி எழுதேன், உனக்குக் கடலூர் பக்கம்தானே" என்றார்கள். "எங்க பக்கம் பாறையே இல்லை சார்" என்று சொல்லிவிட்டுத்தான் தேடினேன். வெட்கமாகிவிட்டது. புவியியல் புத்தகங்களில் ஒரு பாறைக்கே எங்கள் மாவட்டத்தின் பெயர். கடலூர் மணற்கல்!

ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு பைக்கில் கேப்பர் மலைக்குப் போனேன். மாமாவுக்கு போர் போடுகிற தொழில். மலை என்று பெயர்தான், செம்மேடு. மத்திய சிறை இருக்கிற இடம் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மழை அறுத்த ஓடைகளுக்குள் இறங்கினால் இரண்டு பக்கமும் செஞ்சுவர். கீழே ரத்தச் சிவப்பு, நடுவில் சாம்பல் ஓடிய வெள்ளை, மேலே மஞ்சள். இடையிடையே உருண்டைக் கூழாங்கற்கள். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் சரளையும் இறுகிய அடுக்குகள் அவை. அதிலிருக்கும் இரும்பு துருப்பிடித்ததுதான் அந்தச் சிவப்பு. சாவியால் கீறினால் உதிர்ந்துவிடுகிறது. பாறை என்றால் மாமல்லபுரம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, இந்த மெத்தென்ற பாறையை ரொம்பப் பிடித்துவிட்டது.

"இது ஸ்பாஞ்சு மாதிரி பாப்பா. நெய்வேலி, பண்ருட்டி மேட்டுல பெய்யிற மழை இதுக்குள்ள எறங்கி, மண்ணுக்கடியிலயே கடல் பக்கமா நகர்ந்து வருது. அந்தக் காலத்துல நெய்வேலி பக்கம் குழாய எறக்குனா மோட்டாரே வேணாம், தானா பீச்சும்" என்றார் மாமா. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் நல்ல தண்ணீர் குடிப்பதில் இந்தக் கல்லுக்கும் பங்கு இருக்கிறது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க முதலில் உரித்துப் போடுவதும் இதே மணற்கல்லைத்தான். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930-களில் தண்ணீருக்குத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்த கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். திருவக்கரை மரங்கள் புதைந்து கிடந்ததும் இதே கடலூர் மணற்கல்லில்தான். சதுப்பில் அமுங்கிய காடு கரியானது. வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்த மரங்களுக்குள் தண்ணீரோடு சிலிக்கா புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைப் படித்தபோது அந்த ஜாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

திரும்பும் வழியில் மேட்டின் ஒரு பக்கம் கேக் வெட்டிய மாதிரி சீவிக் கிடந்தது. "யாரு மாமா இப்படி அள்றாங்க?" என்று கோபமாகக் கேட்டேன். மாமா சிரித்தார். "உங்க மனைய ஒசத்த நாலு லோடு செம்மண் அடிச்சோமே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

வீடு வரும்வரை நான் பேசவில்லை.

அடுத்த வாரம் திருவக்கரைக்குப் போனேன். காவலுக்கு இருந்த பெரியவரிடம் கல்லை நீட்டி, "சின்னப் பிள்ளையா இருக்கும்போது எடுத்துட்டேன் ஐயா" என்றேன். அவர் திட்டவில்லை. உள்ளங்கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மரத்துக்கிட்ட எடுத்தே?" என்று கேட்டார். தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த அடிமரத்தின் ஓரமாக வைத்தார். போட்டோ எடுக்க மொபைலை எடுப்பதற்குள், அங்கே கிடந்த துண்டுகளில் என்னுடையது எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.