நம்பி உண்ட இலை

திருக்கச்சி நம்பியின் கதையைச் சொல்லும்போதெல்லாம் பாட்டியின் கண் கலங்கும். பூந்தமல்லியில் வைசிய குலத்தில் பிறந்தவர் நம்பி. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவர் கைங்கரியம். அவரிடம் பெருமாள் பேசுவார் என்பது ஐதிகம். நம்பி உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக ஏற்க விரும்பிய ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். நம்பியோ வேறு தெரு வழியே வந்து, ராமானுஜர் இல்லாத நேரத்தில் உண்டுவிட்டுப் போனார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் குலம் பார்த்து இலையை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தார்.

இந்தக் கதைக்கு உருகிய பாட்டிதான், தறிக்குப் பாவு கொண்டுவருபவருக்குத் திண்ணையில் தனித் தம்ளர் வைத்திருந்தார். பாட்டி கெட்டவர் அல்லர், தஞ்சமாம்பாளும் அல்லர். ஆசாரம் என்று வளர்ந்த வீட்டில் கற்றதைச் செய்தார்கள். அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. நல்லவர்கள் கையில் அது குற்றமாகத் தெரிவதே இல்லை.

எங்கள் காஞ்சிப் பட்டுச் சேலைக்குப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. நெய்யும் கைகளில் பலவும் தெலுங்கு பேசும் குடும்பங்களின் கைகள். நூலுக்கு யாரும் ஊர் கேட்பதில்லை, மனிதரிடம் கேட்கிறோம். ராமானுஜர் 1017-இல் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள். அங்கே வேலைக்கு வரும் ஒடிசா, பிகார் இளைஞர்களிடம் 'வடக்கத்திக்காரங்களுக்கு வீடு கிடையாது' என்று சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மாடி அறையைக் கேட்டு இரண்டு ஒடிசாப் பையன்கள் வந்தபோது அம்மாவும் தயங்கினார். "என்ன சாப்பிடுவாங்களோ, யாரைக் கூட்டிட்டு வருவாங்களோ" என்றார். மறுநாள் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர், "இன்னொரு தடவை அந்த இலையைத் தூக்கி எறியணுமா?" என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் பூரி ஜகந்நாதரைக் கும்பிடுகிறவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரியாமலே கொடுத்ததுதான் அம்மாவின் பக்திக்குப் பெருமை. நம்மைப் போல் கும்பிடுகிறவரை ஏற்றுக்கொள்ளப் பெரிய நம்பிக்கை எதுவும் வேண்டியதில்லை.

ராமானுஜர் அன்று இழந்த பிரசாதத்துக்காக வருந்தியதோடு நிற்கவில்லை. மேல்கோட்டையில் ஒதுக்கப்பட்டிருந்தவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்துக் கோயிலுக்குள் வரச் செய்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது. அவரைக் கும்பிடும் நாம் அவர் செய்ததில் ஒரு பங்கையாவது செய்ய வேண்டும். வளர்ந்த பழக்கத்தை எதிர்த்து ஒருமுறைகூட நம்மை நடக்க வைக்காத பக்தி, காதோடு நின்றுபோன பக்தி.