செயினில் பீங்கான் தூசி

மார்ச் 3, ஞாயிறு

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். செயின் கவர் உடைந்து ஒரு வருஷம். இன்று செயினைத் தொட்டால் விரலில் கருஞ்சாந்து, நசுக்கினால் நறநறவென்கிறது. பட்டறைத் தூசியில் களிமண் மட்டுமா, குவார்ட்ஸ் பொடியும் உண்டே. மோஸ் அளவில் அதன் கடினம் 7. சாதாரண எஃகையே கீறிவிடும். வாராவாரம் நான் விட்ட எண்ணெய் அந்தப் பொடியைப் பிடித்து வைத்து, செயினைச் சாணை பிடித்திருக்கிறது. ஸ்கேல் வைத்தேன். 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடுதல். போச்சு, புதுச் செயின்தான்.

மார்ச் 10, ஞாயிறு

பட்டறையில், மெருகு ஒட்டக்கூடாத அடிப்பாகத்துக்கு மெழுகு தடவுவோம். அதே மெழுகு செயினிலும் தூசியை ஒட்டவிடாதே என்று தோன்றியது. புதுச் செயினின் கிரீஸ் முதலில் போக வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, டீசலில் அலசி, மெழுகில் முக்கினேன். இரண்டே நாளில் தோலுரிந்த மாதிரி உதிர்ந்தது. டீசலே எண்ணெய்ப் பசை விட்டுப்போகும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இந்தமுறை எங்கெங்கோ அலைந்து வாங்கிய மண்ணெண்ணெயில் மூன்று அலசல், பிறகு சோப்புத்தூள் போட்ட வெந்நீர், அப்புறம் நல்ல வெயில். நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும்; அதனால் கொதிநீருக்குள் தகர டப்பா. சாதா மெழுகுவத்தி 60 டிகிரி வாக்கில் உருகிவிடுகிறது. “சாம்பார் குண்டானா கெடச்சுது ஒனக்கு?” என்றாள் அம்மா. செயினை இறக்கியதும் கண்ணிக்குக் கண்ணி குமிழி. குமிழி அடங்கினால் உள்ளே பின் வரைக்கும் மெழுகு போய்விட்டது என்று கணக்கு. ஆறியதும் செயின் கம்பி மாதிரி விறைத்து நின்றது. கொஞ்ச தூரம் மிதித்ததும் இளகிவிட்டது.

மே 5, ஞாயிறு

இரண்டு தடவை மறுபடி முக்கியாயிற்று. வேட்டியில் கறை இல்லை. துணியால் ஒரு துடைப்பு, தூசி உதிர்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. இங்கேயும் ஓயாத மழை. நனைந்து வந்த செயின் இன்று கீச்சுக் கீச்சென்கிறது, கண்ணியில் செம்பழுப்புத் துரு. சைக்கிள் கடைப் பெரியவர் சிரித்தார்: “மெழுகெல்லாம் தீபாவளி வரைக்கும்தான் தம்பி.” தையல் மெஷின் எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டாக விட்டு, வெளியே வழிந்ததை ஒட்டத் துடைத்தேன். சத்தம் நின்றது. மெழுகு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன். பொங்கல் கழித்து இறக்க வேண்டும், அதற்குள் மண்ணெண்ணெய்க்கும் சொல்லி வைக்க வேண்டும்.