விலக்குப் பட்டியலில்கூட இல்லாதவர்கள்

போன ஐப்பசியில் சம்பா பயிருக்குக் காப்பீடு பதிய எங்கள் தெருப் பெரியப்பாவை பாபநாசத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர், வாய்மொழிக் குத்தகை. வரிசையில் நின்றபடி பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளைக் கைபேசியில் படித்துச் சொன்னேன். வறட்சி, வெள்ளம், புயல், பூச்சி எல்லாவற்றுக்கும் உண்டு. போருக்கும் அணு ஆபத்துக்கும் கிடையாது.

பெரியப்பா சிரித்தார். "அணுகுண்டு விழுந்தா நெல்லை யாருடா தேடப் போறா?"

குண்டு விழ வேண்டியதில்லை தோழர்களே. 2011இல் ஃபுகுஷிமாவில் அணு உலைகள் உருகின. கதிர்வீச்சு படிந்த வயல்களில் நெல் சாகுபடிக்கே தடை வந்தது. நமக்குக் கூடங்குளமும் கல்பாக்கமும் இருக்கின்றன.

வீட்டுக் காப்பீடு, தீ விபத்துக் காப்பீடு என்று எதை எடுத்தாலும் இந்த விலக்கு இருக்கும். கம்பெனிகள் சொல்லும் காரணம் எளிது. நூறு வீட்டில் ஒன்று எரிந்தால் மற்றவர்கள் கட்டிய பணத்தில் கொடுக்கலாம். நூறும் ஒரே நாளில் போனால் யார் பணத்தில் கொடுப்பது? உலை நடத்துபவர்தான் பொறுப்பு என்று தனிச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருந்தது. 2010ஆம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் அந்தப் பொறுப்புக்கு 1500 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. சொத்து இழப்புக்கு 10 ஆண்டு, உடல் பாதிப்புக்கு 20 ஆண்டு என்று கெடுவும் வைத்தது. 2015இல் ஜி.ஐ.சி. தலைமையில் காப்பீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து அதே 1500 கோடிக்கு ஒரு தொகுப்பை அமைத்தன. உலை நடத்துபவருக்குக் காப்பீடு கிடைத்துவிட்டது. வயலுக்கும் வீட்டுக்கும் விலக்கு அப்படியே நிற்கிறது.

எங்கள் முறை வந்தது. அடங்கல் கேட்டார்கள். அது நிலக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் ஒப்புதல் தரமாட்டார். கொடுத்தால் குத்தகை உரிமை வந்துவிடும் என்ற பயம். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பெரியப்பா பெயர் இன்னும் ஏறவில்லை. பதியாமலே திரும்பினோம்.

பஸ்ஸில் பெரியம்மா கேட்டார்: "நாத்து நட்ட எங்களுக்கு அதுல என்ன எழுதியிருக்கு?"

ஒன்றுமில்லை. பயிர் அழுகினால் நிலக்காரருக்கு நட்டம். நட்டவளுக்கு அறுப்புக் கூலி போவது யார் கணக்கிலும் வராது. அணு ஆபத்தையாவது பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். கூலிக்காரரை விலக்கியதாக எழுதக்கூட இல்லை. நாளை உலை வெடித்து இழப்பீட்டு மனு எழுதினாலும் முதலில் கேட்கப்போவது பட்டா, அடங்கல்தான்.

போபாலில் 1984இல் செத்தவர்களுக்கும் நோயில் விழுந்தவர்களுக்கும் சேர்த்து 1989இல் 47 கோடி டாலரில் கணக்கை முடித்தார்கள். அங்கேயும் ஆலையை ஒட்டிக் குடிசைகளில் இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள்.

அணு உலை வேண்டாம் என்பது பெரிய சண்டை, அதை நடத்துவோம். அதற்கு முன் கிராமம்தோறும் உழுபவர் பெயரும் கூலிக்கு நடுபவர் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கேட்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.