தின்னர் டின் நடத்திய பாடம்

ஞாயிறு காலைகளில் அல்சூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பி.யு.சி. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பிழைப்பு என்னவோ மென்பொருளில்தான். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பத்தாவது வரை கன்னட மீடியம், இப்போது திடீரென்று எல்லாமே ஆங்கிலம். வரிக்கு நாலு வார்த்தை புரியவில்லை என்கிறார்கள், பாவம்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். அடுத்த வாரமே மறந்து போச்சு. அப்போதுதான் பள்ளியில் தமிழய்யா நடத்திய பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் வந்தது. படித்தான் என்றால் படி + த் + த் + ஆன். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்ன வழி. அதையே ஆங்கிலத்துக்குத் திருப்பினேன். லத்தீனில் 'டிக்ட்' என்றால் சொல்வது. 'ப்ரி' முன்னால், ஆக ப்ரிடிக்ட் முன்கூட்டிச் சொல்வது. 'கான்ட்ரா' எதிர், ஆக கான்ட்ரடிக்ட் மறுத்துச் சொல்வது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. 'இன்' வந்தால் 'இல்லை' என்றும் சொல்லி வைத்தேன். இன்விசிபிள், இன்கம்ப்ளீட்.

வினை அங்கேதான் இருந்தது. சாயங்காலம் பெயிண்ட் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருநாள் சொன்னான்: "அண்ணா, தின்னர் டின்ல இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்கு. அப்ப தீப்பிடிக்காதுதானே? சாமி விளக்குக்குப் பக்கத்துலயே அடுக்கிட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உடனே கடைக்கு போன் போடச் சொல்லி, டின்களை நகர்த்தியாச்சு என்று கேட்ட பிறகுதான் மூச்சே வந்தது.

அந்த 'இன்' வேறு, 'உள்ளே' என்று பொருள். இன்ஃப்ளேம் என்றால் பற்றவைப்பது, இன்ஃப்ளேமபிள் என்றால் சுலபமாகப் பற்றிக்கொள்வது. இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே பல டின்களில் வெறும் 'ஃப்ளேமபிள்' என்று போடுகிறார்கள். "அநீதியில 'அ'ன்னா இல்லை. அதுக்காக அரிசின்னா 'ரிசி இல்லை'யா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். தப்பு என்னுடையதுதான்.

இதே பெங்களூரில் 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு நடத்திய பரிசோதனையில், இலக்கண விதிக்குப் பதிலாக வரைபடம், ரயில் நேர அட்டவணை என்று வேலைகளைக் கொடுத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள். பொருளில் கவனம் போனால் மொழி பின்னால் வரும் என்பது அவர் நம்பிக்கை. நான் அதில் பாதியை எடுத்துக்கொண்டேன். சொல்லை வெட்டு, யூகி, வாக்கியத்தில் வைத்துப் பார், சந்தேகமென்றால் டிக்‌ஷனரியைத் திற. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். டின்களில் கன்னடத்திலும் தமிழிலும் 'தீப்பிடிக்கும்' என்று ஸ்டிக்கர். கையெழுத்து அவனுடையது.