எச்சம் பார்க்கும் கண்

பெட்டியைத் திறந்ததும் பறவைக் காப்பாளர் முதலில் உருவி எடுத்தது அடியில் விரித்திருந்த செய்தித்தாளை. நீலமும் மஞ்சளுமாகப் பஞ்சவர்ணக்கிளிகள் மூன்று, தனித்தனிப் பெட்டிகளுக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அவர் காகிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "கலரை ஜனங்க பாத்துக்குவாங்க சார். நாம பாக்கவேண்டியது இதுதான்."

எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சையோ பழுப்போ ஆன மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளை, சுற்றிலும் தெளிந்த நீர். வெள்ளை வெள்ளையாகவே இருக்கவேண்டும். அது மஞ்சளோ பச்சையோ பாரித்தால் ஈரலைச் சந்தேகிக்கவேண்டும். பறவை தன் நோயை வெளியே காட்டாது; காட்டில் சோர்ந்து உட்கார்ந்தது முதலில் இரையாகும். இறகை உப்பிக்கொண்டு உட்காரும் அளவுக்கு வந்துவிட்டதென்றால் நாம் தாமதித்துவிட்டோம் என்றார். அதனால்தான் எச்சம், அதனால்தான் தினசரி எடை. தராசின் மேல் ஒரு கட்டை. அதில் ஏறி நின்றால் நிலக்கடலை. இந்தக் கிளிகள் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். முப்பது கிராம் குறைந்தாலே நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிடுகிறார்.

1855-இல் சென்னையில் தொடங்கி, 1985-இல் வண்டலூருக்கு வந்த உயிரியல் பூங்கா இது. வேறொரு பூங்காவில் பிறந்து, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஒப்புதலோடு பரிமாற்றத்தில் வந்த பறவைகள் இவை. வந்ததும் குறைந்தது 30 நாள் தனிமை. காலையில் பழைய பறவைகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகுதான் புதியவற்றிடம் போகவேண்டும், வரிசை மாறக்கூடாது. வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் செருப்பை நனைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கம்பி வலைகூடப் புதிதாக இருந்தால் ஆபத்தாம். துத்தநாகப் பூச்சைக் கிளிகள் அலகால் சுரண்டித் தின்றுவிடும், அது நஞ்சு. வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்த வலையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கீழே கிடந்த இறகொன்றை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். நீலம் போய் மங்கிய பழுப்பு தெரிந்தது. அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. இத்தனை வருடம் கிளிகளைப் பார்த்திருந்தும் எனக்கு அது புதுச் செய்தி.

காணும் பொங்கலுக்கு இங்கே வரும் கூட்டம் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அதற்குள் புதுப் பறவைகளைப் பார்வைக்கு விட்டுவிடலாமே என்ற ஆசை எந்தப் பூங்காவுக்கும் எழும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவே கூடாது என்பேன். கிளிக்காய்ச்சல் கிருமி ஒரு புதுப் பறவையோடு உள்ளே வந்தால் பழைய பறவைகளையும், அவற்றைக் கையால் தொடும் காப்பாளரையும் சேர்த்தே தாக்கும். நல்ல பராமரிப்பில் ஐம்பது வருடம் வாழக்கூடிய கிளிக்கு ஒரு மாதக் காத்திருப்பு பெரிதில்லை.

ஆய்வக முடிவுகள் எல்லாம் சரியாக வந்த பிறகு, பெரிய கூண்டில் விடுவதைப் பார்க்க மறுபடி போனேன். விடியற்காலையில்தான் விடவேண்டும்; இருட்டுவதற்குள் தீனியையும் உட்காரும் கிளையையும் பறவை கண்டுபிடித்துவிட வேண்டுமே. வேகமாகப் பறந்து மோதிக்கொள்ளாமல் இருக்க வலை நெடுகிலும் வேப்பங்கொத்து கட்டியிருந்தார்கள். தனிமை அறையில் வைத்திருந்த அதே கிண்ணங்களில் முளைப்பயறும் பழமும். பழைய கிளி எதுவும் ஒரே இடத்தில் காவல் உட்கார்ந்து விரட்டாதபடி கிண்ணங்களை நான்கு மூலையிலும் வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்குள் இரண்டு கிளிகள் தின்னத் தொடங்கிவிட்டன. மூன்றாவது உச்சிக்கிளையை விட்டு அசையவில்லை. காப்பாளர் அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "அது இன்னைக்குக் கீழ இறங்காது சார். கிண்ணத்தை மேல கட்டணும்" என்று ஏணி எடுக்கப் போனார்.