வானத்தின் அனாமத்துக் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு அனாமத்துக் கணக்கு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இருப்பாய்வு டேலி ஆகவில்லை, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை என்றால் தற்காலிகமாகத் தூக்கிப் போடுகிற இடம். காமர்ஸ் படிக்காத மக்களுக்கு: பணம் வந்திருக்கிறது, யார் போட்டது என்று தெரியவில்லை, ஆள் தெரிகிற வரை அங்கே கிடக்கட்டும். அவ்வளவுதான்.

வானியல்காரர்களிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதில் 2007-ல் விழுந்த முதல் பதிவு இது. அமெரிக்காவில் டங்கன் லாரிமர் என்ற பேராசிரியர், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி 2001-ல் பதிந்து வைத்த பழைய தரவுகளைத் தோண்டச் சொன்னார். தோண்டியவர் டேவிட் நார்கெவிச். நம்மைப் போல ஒரு யூ.ஜி மாணவர்! கிடைத்தது சில மில்லிசெகண்டு மட்டுமே நீடித்த, பயங்கர பலமான ஒரு ரேடியோ துடிப்பு. அனுப்புநர் பெயர், முகவரி எதுவும் இல்லை. இந்த வகைக்கு அதிவேக ரேடியோ வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக எஃப்.ஆர்.பி.

இதை அப்பாவிடம் சொன்னபோது (அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார்) அவர் கேட்டது ஒரே கேள்வி. "எங்கேர்ந்து வந்தா என்னடா, வந்துச்சுல்ல?"

எங்கிருந்து என்று தெரியாவிட்டால் வந்தது எவ்வளவு என்றே தெரியாது. இதுதான் விஷயம். லெட்ஜரில் வெறும் 500 என்று எழுதியிருக்கிறது. ரூபாயா, டாலரா, குவைத் தினாரா என்று போடவில்லை என்றால் அந்த 500-ஐ வைத்து என்ன செய்வது? அதே துடிப்பு பக்கத்திலிருந்து வந்தால் சில்லறை. நூறு கோடி ஒளியாண்டு தள்ளியிருந்து வந்தால், சூரியன் நாள்கணக்கில் கக்குகிற சக்தியை ஒரு கண்சிமிட்டலுக்குள் கக்கியிருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கேலக்ஸி என்று கண்டுபிடித்தால்தான் தூரம். தூரம் தெரிந்தால்தான் சக்தி. அதற்குப் பிறகுதான் காரணத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

தூரத்துக்கு ஒரு குத்துமதிப்பு வழி இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து ஃபாஸ்ட் லோக்கலும் ஸ்லோ லோக்கலும் ஒரே நேரத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் இரண்டுக்கும் சில நிமிட வித்தியாசம். ஆவடியில் இன்னும் கொஞ்சம். திருவள்ளூரில் இன்னும் அதிகம். எவ்வளவு நேரம் இடைவெளி என்று பார்த்தே எத்தனை தூரம் வந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். ரேடியோ அலையும் அப்படித்தான். வழியில் இருக்கிற எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்ணை அதிகமாகத் தாமதப்படுத்தும். ஆனால் ஸ்லோ லோக்கலை நடுவில் சிக்னலில் போட்டுவிட்டால்? கணக்கு அம்பேல். அப்படியும் நடந்திருக்கிறது. சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி பிடித்த எஃப்.ஆர்.பி 20190520பி என்பதன் தாமதத்தை மட்டும் பார்த்தால் 800 கோடி ஒளியாண்டுக்கு மேல் என்று வரும். அதன் கேலக்ஸியைக் கண்டுபிடித்துப் பார்த்தால் சுமார் 300 கோடிதான்! மிச்சத் தாமதம் அது இருக்கிற இடத்திலேயே, அதைச் சுற்றியிருக்கிற அடர்த்தியான எலக்ட்ரான் கூட்டத்தில் ஏற்பட்டது. 2022-ல் இது வெளியானது.

ஆக, முகவரி கட்டாயம் வேண்டும். அதுதான் கஷ்டம். பார்க்ஸ் மாதிரி ஒற்றைத் தட்டு, வானத்தில் நிலாவின் பாதி அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு "இதற்குள் எங்கேயோ" என்று சொல்லும். அந்த வட்டத்துக்குள் கேலக்ஸிகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். கவர் மேல் 600053 என்று பின்கோடு மட்டும் எழுதிப் போட்டால் அம்பத்தூர் போஸ்ட்மேன் என்ன செய்வார்? (திட்டுவார்.)

இன்னொரு தலைவலி, நம்ம ஊர் சத்தம். பார்க்ஸிலேயே சில துடிப்புகள் வருஷக்கணக்கில் குழப்பிக்கொண்டிருந்தன. 2015-ல் எமிலி பெட்ராஃப் குழு கண்டுபிடித்தது: அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை ஓடும்போதே யாரோ திறந்ததுதான் காரணம் :) லாரிமர் பார்த்தது அந்த ரகம் இல்லை என்பதும் கூடவே உறுதியானது. எங்கள் வீட்டில் அம்மா மிக்ஸி போட்டாலே பழைய ரேடியோ கரகரக்கும். எஸ்டேட் வெல்டிங், மாடிக்கு மாடி செல்போன் டவர் என்று இருக்கிற எங்கள் ஏரியாவில் ரேடியோ தொலைநோக்கி வைத்தால் பூந்தமல்லி வரைக்கும் எஃப்.ஆர்.பி-தான்.

வழி பிறந்தது "திரும்ப வருகிற" வெடிப்புகளால். 2012 நவம்பர் 2-ம் தேதி அரசிபோவில் பதிவான எஃப்.ஆர்.பி 121102 மறுபடி மறுபடி துடிக்கிறது என்று 2016-ல் அறிவித்தார்கள். ஒரு தடவை வந்து போன திருடனைப் பிடிப்பது கஷ்டம். அதே தெருவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறவனுக்காகக் காத்திருக்கலாம். நியூ மெக்சிகோவின் வி.எல்.ஏ தொலைநோக்கி வரிசை 83 மணி நேரம் காத்திருந்து 9 துடிப்புகளைப் பிடித்தது. நிறைய தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தால், ஒவ்வொன்றையும் அலை தொடுகிற நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கச்சிதமாகச் சொல்லலாம். ஷமி சாட்டர்ஜி குழு 2017 ஜனவரியில் இடத்தைச் சொன்னது. அங்கே இருந்த கேலக்ஸி எது என்ற ஆய்வுக்குத் தலைமை ஸ்ரீஹர்ஷ் தெண்டுல்கர். அப்போது கனடாவின் மெக்கில்லில் இருந்தவர், பிறகு டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ஹவாயின் ஜெமினி தொலைநோக்கியில் நிறமாலை எடுத்தார்கள். ஒரு குட்டி கேலக்ஸி. நம் பால்வெளி முன்னால் பொடிப்பயல். அதன் வெளிச்சம் கிளம்பி சுமார் 240 கோடி வருஷம் ஆகிறது. அனாமத்திலிருந்து பெயர் மாற்றி எழுதப்பட்ட முதல் பதிவு அதுதான்.

இந்தியாவில் இதற்கான கருவி புனே பக்கம் கோடாத்தில் இருக்கிற ஜி.எம்.ஆர்.டி. தலா 45 மீட்டர் அகலத்தில் 30 தட்டுகள், சுமார் 25 கிலோமீட்டருக்குப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எஃப்.ஆர்.பி 20201124ஏ என்ற ஆசாமி 2021 மார்ச் கடைசியில் வெறி பிடித்த மாதிரி துடிக்க ஆரம்பித்தபோது, கனடாவின் சைம் குழு உலகத்துக்கே தகவல் சொன்னது. ஏப்ரல் 5-ம் தேதி ஜி.எம்.ஆர்.டி-யைத் திருப்பினார்கள். ஒரே நாளில் 48 துடிப்புகள்! இடத்தையும் நொடிக்கோண அளவுக்குச் சொல்ல முடிந்தது, அந்தக் கேலக்ஸியிலிருந்து நிற்காமல் வருகிற மெல்லிய ரேடியோ ஒளியும் தெரிந்தது. விஸ்வேஸ்வர் ராம் மார்த்தி தலைமையிலான கட்டுரை 2022-ல் வந்தது. தூரம் சுமார் 130 கோடி ஒளியாண்டு. இந்த முறை குட்டி இல்லை, நம் பால்வெளி சைஸ் கேலக்ஸி.

ஜி.எம்.ஆர்.டி-யைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப் அதற்கு முன்னால் கட்டியது நம் ஊட்டி தொலைநோக்கி. ஊட்டி டூர் போய் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ் பார்த்துவிட்டு வருகிறோம். முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அந்தச் சரிவு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றி மணிக்கணக்கில் ஒரே இடத்தைப் பின்தொடரலாம். 1970-ல் அது செய்ய வந்த முக்கிய வேலையும் முகவரி கண்டுபிடிப்பதுதான். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கிற நொடியைக் குறித்துக்கொள்வார்கள். நிலாவின் விளிம்பு அந்த நொடியில் எங்கே இருந்தது என்பது துல்லியமாகத் தெரியும். ஆக மூலமும் அந்தக் கோட்டில்தான். 25 கிலோமீட்டர் தட்டு வரிசை கட்டக் காசில்லாத காலத்தில் நிலாவையே ஸ்கேலாக வைத்து அளந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். அப்பாவுக்கும் இதுதான் பிடித்தது.

சரி, முகவரிகள் கிடைத்து என்ன தெரிந்தது? முதலில் எல்லாரும் கைகாட்டியது மாக்னடார் என்ற அதீத காந்த நியூட்ரான் நட்சத்திரத்தை. 2020 ஏப்ரலில் நம் பால்வெளியிலேயே ஒரு மாக்னடார் இதே மாதிரி துடித்துக் காட்டியது. மாக்னடார் என்றால் இளம் நட்சத்திரங்கள் பிறந்து சீக்கிரம் சாகிற இடமாக இருக்க வேண்டும். முதல் சில முகவரிகள் அதற்குப் பொருந்தின. அதற்குள் ஒன்று, 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் எம்81 கேலக்ஸியின் ஒரு கோளக் கொத்தில் போய் நின்றது. கோளக் கொத்து என்பது முழுக்கக் கிழட்டு நட்சத்திரங்கள் வாழும் இடம். முதியோர் இல்லத்திலிருந்து தினமும் பட்டாசு சத்தம் கேட்கிற மாதிரி.

2025 ஜனவரியில் விஸ்வாங்கி ஷா குழு வெளியிட்டது இன்னும் மோசம் (நல்ல விதத்தில்). எஃப்.ஆர்.பி 20240209ஏ, 200 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு கிழட்டு நீள்வட்டக் கேலக்ஸி. அதன் வயசு மட்டும் 1130 கோடி வருஷம். துடிப்பு வருவதோ நடுவிலிருந்து 1,30,000 ஒளியாண்டு தள்ளி, நட்சத்திரங்களே அரிதான ஓரத்தில். அங்கேயும் ஒரு கோளக் கொத்து ஒளிந்திருக்கலாம் என்கிறார்கள். அவ்வளவு தூரத்தில் அதைப் படம் எடுப்பதே பெரிய பாடு. கேலக்ஸி பெயர் கிடைத்துவிட்டது, ஆள் இன்னும் அனாமத்திலேயே.