பதினேழாம் இடம்

2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை. இஷாத் தொழுகை முடிந்து, கணவனும் மனைவியுமாக நாங்கள் பிள்ளைகளோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் எவர்ட்டன் அணிக்கு அது பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் பிரீமியர் லீக்கில் நீடிப்பது உறுதி. தவறினால், 1954 முதல் முதற்பிரிவை விட்டு இறங்காத அணி இறங்க நேரிடலாம்.

57ஆம் நிமிடத்தில் அப்துல்லாய் டுக்கூரே அடித்த பந்து போர்ன்மத் அணியின் வலைக்குள் பாய்ந்தது. முந்தைய மேலாளர் ஃபிராங்க் லம்பார்டின் காலத்தில் ஓரங்கட்டப்பட்டிருந்த அவரை மீண்டும் களமிறக்கியவர், ஜனவரி இறுதியில் பொறுப்பேற்ற ஷான் டைச். 1-0. 36 புள்ளிகள், பதினேழாம் இடம். 34 புள்ளிகள் பெற்ற லெஸ்டர் இறங்கியது.

"இனி டைச்சை யாரும் அசைக்க முடியாதுதானே வாப்பா?" என்றான் மகன்.

நாங்கள் விடை சொல்லவில்லை. 2022 மே மாதம் அதே மைதானத்தில், கிரிஸ்டல் பேலஸிடம் 0-2 என்று பின்தங்கி 3-2 என வென்று லம்பார்டும் தப்பியிருந்தார். ரசிகர்கள் களத்திற்குள் புகுந்து கொண்டாடினார்கள். எட்டு மாதத்தில் அவர் வெளியேற்றப்பட்டார்.

எங்கள் துணிக்கடையும் ஒருமுறை பெருநாள் விற்பனையால்தான் பிழைத்தது. கடனை அடைத்த இரவு அல்ஹம்துலில்லாஹ் என்று உறங்கினோம். காலையில் கடை திறந்தபோது வாடகையும் தேங்கிய சரக்கும் அப்படியே காத்திருந்தன. அன்று டைச்சின் முகத்திலும் கொண்டாட்டம் இல்லை. செய்ய வேண்டிய வேலை ஏராளம் என்றார். கடைக்காரர்களுக்கு அந்த முகம் புரியும்.

நவம்பரில் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. அவர் வருமுன் கழகம் கண்ட நட்டத்திற்கான தண்டனை. மேல்முறையீட்டில் அது 6 ஆனது, பிறகு இன்னும் 2 போயிற்று. அத்தனைக்கும் பிறகு 40 புள்ளிகளோடு 15ஆம் இடம்! எங்கள் கணக்கில் முந்தைய ஆண்டைவிட இதுவே பெரிய சாதனை. ஆனால் அதற்கு யாரும் களத்திற்குள் ஓடி வரவில்லை.

2024 டிசம்பரில் கழகம் புதிய உரிமையாளர்களிடம் சென்றது. 2025 ஜனவரி 9 அன்று, கோப்பை ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில், டைச் விலக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அணி அப்போது 16ஆம் இடத்தில் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகன் செய்தியை எங்களுக்குப் படித்துக் காட்டினான். பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, ஜும்ஆவுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்டான்.